பிடித்த பணம் முதலாளியின் பணம் அல்ல

தியாகராய நகரில் ஒரு கடையில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியுமாக மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஊழியரிடம் பி.எஃப். கணக்கில் 1,800 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி தன் பங்காக இன்னொரு 1,800 ரூபாய் போட வேண்டும். அதில் 1,250 ஓய்வூதியத்துக்கும் 550 வைப்பு நிதிக்கும் போகும். எல்லாவற்றையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். முன்பிருந்த ஐந்து நாள் சலுகைகூட 2016 தொடக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டது. விதி இவ்வளவுதான். ஆனால் இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. பிடித்த நாளுக்கும் கட்டும் நாளுக்கும் இடையில் அந்த 1,800 ரூபாய் யாருடைய பணம்? நம் ஊரில் தனியார் நிர்வாகங்களும் அரசு நிறுவனங்களும் அதைத் தங்கள் கல்லாப்பணமாகவே நடத்திப் பழகிவிட்டன. கை இறுக்கமான மாதத்தில் முதலில் தள்ளிப்போடப்படுவது பி.எஃப்.தான். வங்கிக்கு வட்டி நின்றால் மறுநாளே தொலைபேசி அடிக்கும், சரக்குக்குப் பணம் நின்றால் லாரி வராது, பி.எஃப். நின்றால் உடனே கேட்பவர் யாருமில்லை. ஊழியருக்கு அது தெரிய வருவது பல வருடம் கழித்து, மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ முன்பணம் கேட்டுப் போகும்போதுதான்.

சட்டம் இதில் தயங்கவே இல்லை. 1973இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405ஆவது பிரிவில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. ஊழியரின் பி.எஃப். பங்கைச் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளியிடம் அந்தப் பணம் ஒப்படைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். சட்டப்படி கட்டத் தவறினால் அதை நேர்மையின்றிப் பயன்படுத்தியதாகவும் கொள்ளப்படும். நம்பிக்கை மோசடி என்ற குற்றத்தின் இலக்கணத்துக்குள்ளேயே அது வைக்கப்பட்டது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவிலும் அது தொடர்கிறது. 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டமும் இரண்டு பங்குகளையும் ஒரே தராசில் வைக்கவில்லை. பிடித்த பங்கைக் கட்டாதவருக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை என்றது. மற்றத் தவறுகளுக்குத் தண்டனை அதைவிடக் குறைவு. வருமான வரிச் சட்டம் இன்னொரு வழியில் அதே இடத்துக்கு வந்தது. முதலாளி தன் பங்கைச் சற்றுத் தாமதமாகக் கட்டினாலும், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நாளுக்குள் கட்டிவிட்டால் அதைச் செலவாகக் காட்ட முடிந்தது. ஊழியரின் பங்குக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. கெடு தவறினால் அது முதலாளியின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விழுந்தது. செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பிடித்த பணம் முதலாளி நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கும் அடுத்தவர் பணம் என்பதே தீர்ப்பின் அடிப்படை. ஆக, குற்றவியல், தொழிலாளர் நலன், வரி என்று மூன்று வெவ்வேறு சட்டங்களும் ஒரே முடிவைத்தான் சொல்லியிருக்கின்றன. அப்படியிருந்தும் நடைமுறை மாறவில்லை என்பதே என் கவலை.

இதற்கான சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னை பல்லவன் சாலையில் இருக்கிறது மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகம். மந்தைவெளி, அடையாறு, தியாகராய நகர் பணிமனைகளிலிருந்து விடியற்காலையில் வண்டி எடுக்கும் ஓட்டுநரும் நடத்துநரும் இதன் ஊழியர்கள். 2017 மே மாதத்திலும், பிறகு 2018 ஜனவரி 4 முதல் 11 வரையிலும், மாநிலம் முழுவதும் அரசுப் பேருந்துகள் நின்றன. 2018 வேலைநிறுத்தத்தை ஊதியப் பெருக்கம் 2.44 மடங்கா, 2.57 மடங்கா என்ற சண்டையாகவே பொதுமக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். தொழிற்சங்கங்கள் முன்வைத்த இன்னொரு புகார் அதைவிடக் கனமானது. சம்பளத்தில் பிடித்த பி.எஃப்., கூட்டுறவுக் கடன் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம் ஆகியவற்றை உரிய இடத்தில் கட்டாமல் டீசலுக்கும் உதிரி பாகத்துக்கும் செலவழித்துவிட்டார்கள் என்பதும், அதனால் ஓய்வுபெற்றவர்கள் தங்கள் பணப்பலனுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பதும் அந்தப் புகார். ஓய்வுபெற்றோருக்குப் பெரும் பாக்கி இருப்பதை அரசும் மறுக்க முடியவில்லை. வேலைநிறுத்தத்தின் நடுவிலேயே 750 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி இ.பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்த பிறகே பேருந்துகள் ஓடின.

அந்த எட்டு நாளும் பயணிகள் பட்ட பாடு உண்மைதான். ஆனால் அன்று நடந்த விவாதம் எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை. அரசு 'தருகிறது', ஊழியர் 'கேட்கிறார்' என்ற தொனியிலேயே எல்லோரும் பேசினார்கள். 750 கோடியில் பி.எஃப். பாக்கியாக இருந்த பகுதி அரசு கொடுத்த கொடை அல்ல. முப்பது வருடம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவரின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் எடுக்கப்பட்டது அது. ஒரு தனியார் கம்பெனி இப்படிச் செய்திருந்தால் பி.எஃப். ஆணையர் வங்கிக் கணக்கை முடக்கியிருப்பார்; போலீஸில் புகார் போயிருக்கும். பொதுத்துறை செய்யும்போது அது நிதி நெருக்கடி என்ற பெயரில் மன்னிக்கப்பட்டது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் எளிதில் தள்ளிவிடக் கூடியது அல்ல. டீசல் விலை ஏறுகிறது. கட்டணத்தை அரசியல் காரணங்களுக்காகப் பல ஆண்டுகள் உயர்த்துவதில்லை. லாபமில்லாத தடங்களிலும் வண்டி ஓட்டியே ஆக வேண்டும். பி.எஃப்.ஐ ஒழுங்காகக் கட்டியிருந்தால் பேருந்து நின்றிருக்கும், ஏழைகள்தான் அவதிப்பட்டிருப்பார்கள் என்கிறார்கள். கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குறைந்த கட்டணத்தின் சுமையை மாநிலத்தின் மொத்த வரிப்பணம் தாங்க வேண்டுமே தவிர, நடத்துநரின் முதுமைச் சேமிப்பு தாங்கக் கூடாது. வரவுக்கும் செலவுக்கும் இடையிலான வித்தியாசத் தொகையை பட்ஜெட்டிலேயே ஒதுக்குங்கள் என்று சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது இதைத்தான். 2024 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் அந்தக் கோரிக்கை இருந்தது. மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்கான தொகையை அரசு கழகங்களுக்கு ஈடு செய்கிறது. சேவைக்கு அரசு விலை கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. பட்ஜெட்டில் போட்டால் சட்டமன்றம் பார்க்கும், பத்திரிகை கேட்கும். பி.எஃப்.இல் கை வைத்தால் யாருக்கும் தெரியாது. வசதி அதில்தான் இருக்கிறது, அநியாயமும் அதில்தான்.

அடுத்தவர் சேமிப்பைத் தன் தொழிலுக்குப் புரட்டுவதன் விலையை இந்த நகரம் முன்பே கொடுத்திருக்கிறது. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி கடையை மூடியபோது, மதராஸின் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதோடு போனது. அவர்கள் நம்பிப் போட்ட பணம் லண்டன் கூட்டாளியின் சூதாட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெரிய மனிதரைக் காலனி ஆட்சிக் காலத்து நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியது. நம் காலத்தில் ஊழியரின் பி.எஃப்.ஐச் செலவழித்த நிர்வாகி ஒருவர் சிறைக்குப் போனதாகச் செய்தி வருவது எவ்வளவு அரிது என்பதைப் படிப்பவர்களே யோசித்துப் பார்க்கலாம்.

பணத்தைக் கட்டாமல் விடுவது ஒருவகை. கட்டிய பணத்தைப் பொறுப்பில்லாமல் முதலீடு செய்வது இன்னொரு வகை. பி.எஃப். சட்டத்தின் 17ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் விலக்கு பெற்றுத் தாங்களே டிரஸ்ட் அமைத்து நிதியை நிர்வகிக்க அனுமதித்தது. நிர்வாகத் தரப்பும் ஊழியர் தரப்பும் சம எண்ணிக்கையில் டிரஸ்டிகளாக இருக்க வேண்டும். பி.எஃப். நிறுவனம் அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் தர வேண்டும்; 2023-24இலும் 2024-25இலும் அது 8.25 சதவீதம். முதலீட்டில் நட்டம் வந்தால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனிப்பாரோ அப்படிக் கவனிக்கும் கடமையை அறங்காவலர் மீது வைக்கிறது. காகிதத்தில் இதில் ஓட்டையே இல்லை. நடைமுறையில் ஊழியர் தரப்பு டிரஸ்டி என்பவர் பெரும்பாலும் தன் மேலதிகாரி நீட்டும் தீர்மானத்தில் கையெழுத்திடும் ஒரு எழுத்தர்தான். கடன் பத்திரத்தின் தர மதிப்பீடு என்ன, அதை விற்ற தரகருக்குக் கமிஷன் எவ்வளவு என்று கேட்கும் பயிற்சியும் துணிவும் அவருக்கு யார் கொடுத்தார்கள்?

உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர் நிதிக்கு நடந்தது இதன் விளைவு. 2017 மார்ச் முதல் 2018 டிசம்பர் வரை, ஊழியர்களின் பி.எஃப். பணத்தில் 4,100 கோடி ரூபாய்க்கும் மேல் டி.எச்.எஃப்.எல். என்ற ஒரே தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் வைப்பாகப் போடப்பட்டது. அந்த நிறுவனம் கவிழ்ந்தபோது 2,200 கோடிக்கும் மேல் உள்ளே சிக்கிக்கொண்டது. 2019 நவம்பரில் டிரஸ்டின் செயலாளரும் மின்வாரிய உயரதிகாரிகளும் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2018 செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். தவணை தவறியபோதும், அது மிக உயர்ந்த தரமதிப்பீடு பெற்றிருந்த குழுமம் என்பதால் நாடெங்கும் விலக்கு பெற்ற டிரஸ்டுகள் பலவற்றின் பணம் அதன் பத்திரங்களில் மாட்டியிருந்தது தெரியவந்தது. முதலாளி ஈடுகட்டுவார் என்ற உறுதி, முதலாளி நன்றாக இருக்கும்வரைதான் உறுதி. கம்பெனி திவாலானால், திவால் சட்டத்தின் 36ஆவது பிரிவு பி.எஃப்., பணிக்கொடை நிதிகளைக் கடன்காரர்கள் தொட முடியாதபடி வெளியே வைக்கிறது; நல்ல ஏற்பாடு. ஆனால் நிதியில் இருக்கும் பணத்தைத்தான் அது காக்கும். ஏற்கெனவே கரைந்துபோனதை எந்தச் சட்டமும் உண்டாக்கித் தராது.

தென் சென்னையின் பெரும்பாலான ஊழியர்களுக்கு டிரஸ்ட் பிரச்சினை தொலைவில் உள்ளது. அவர்களுடைய பிரச்சினை ஒப்பந்தச் சங்கிலி. அடையாறு மருத்துவமனைகளின் துப்புரவுப் பணியாளர், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் என்று இங்கே பலரும் ஏஜென்ஸி வழியாகவோ குறைத்துக் காட்டிய சம்பளத்திலோ இருப்பவர்கள். நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியர் உட்கார நாற்காலி வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் போட்டது. அதே ஊழியரின் பி.எஃப். கட்டப்பட்டதா என்று பார்க்க அதே அக்கறை வரவில்லை. சம்பளத்தைப் பல படிகளாக உடைத்து, அடிப்படையைச் சிறிதாக்கிப் பங்கைக் குறைக்கும் உத்தியை 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் படிகளும் கணக்கில் சேரும் என்றது. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளியே பொறுப்பு என்பதும் விதியில் தெளிவாக இருக்கிறது. இந்த மாத பி.எஃப். ரசீதைக் காட்டினால்தான் பில்லுக்குப் பணம் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் குடியிருப்போர் சங்கமும் சொல்லிவிட்டால், பாதிப் பிரச்சினை தீரும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

சிறு முதலாளிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. 'பிடித்தம் என்பது சம்பளச் சீட்டில் உள்ள எண்தான். வாடிக்கையாளர் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை, கையில் இருந்ததை வைத்து நிகரச் சம்பளம் மட்டும் கொடுத்தேன். இல்லாத பணத்தை எப்படி மோசடி செய்ய முடியும்?' அவருடைய நெருக்கடி உண்மை. ஆனால் அவர் சீட்டில் 15,000 சம்பளம் என்று எழுதி 13,200 கொடுத்திருக்கிறார். மிச்ச 1,800 அவரிடம் இருந்தது என்றால் அதை எடுத்துக்கொண்டார். இல்லை என்றால் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, முழுதும் கொடுத்ததாக எழுதினார். இரண்டில் எதுவானாலும் அவருடைய தொழிலுக்கு அந்த ஊழியர் தன் விருப்பமின்றி, வட்டியின்றி, தனக்குத் தெரியாமலேயே கடன் கொடுத்திருக்கிறார். நெருக்கடியில் உள்ள தொழிலுக்குக் கை கொடுக்க வேண்டியது வங்கியும் அரசும். முதலாளி தன் சொந்தப் பங்குக்குத் தவணை கேட்டால் அதைப் பரிவோடு பார்க்கலாம். ஊழியர் பங்குக்கு அந்தப் பரிவு கூடாது. பத்து வருடப் பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியம் என்பது விதி. கட்டப்படாத சில மாதங்கள் ஒருவரை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடலாம். பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீட்டுத் தொகையும் இதே கணக்கோடுதான் பிணைந்திருக்கிறது.

அரசின் போக்கோ இளகும் திசையில் இருக்கிறது. முன்பு ஆறு மாதத்துக்கு மேல் தாமதமானால் ஆண்டுக்கு 25 சதவீதம் என்றிருந்த தண்டத்தொகை, 2024 ஜூனில் மாதத்துக்கு 1 சதவீதமாக, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நீண்ட நாள் ஏமாற்றியவருக்கே இதில் அதிக லாபம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பாக்கியைப் பற்றி விசாரணை தொடங்க ஐந்தாண்டு வரம்பு இருக்கிறது. பழைய சட்டத்தில் அப்படி வரம்பு இல்லை. முடிவில்லாத விசாரணையால் தொழில் நடத்துபவர்கள் அலைக்கழிக்கப்பட்டார்கள் என்பது நியாயமான குறை. அந்த வரம்பு முதலாளியின் பங்குக்குப் பொருந்தட்டும். பிடித்துக்கொண்டு கட்டாத பணத்துக்கு அது பொருந்தக் கூடாது. ஊழியர் தன் கணக்கைத் திறந்து பார்ப்பதே பல சமயம் வேலையை விடும்போதுதான். அதற்குள் ஐந்து வருடம் ஓடியிருக்கும்.

பிற நாடுகளும் பட்டுத்தான் கற்றன. 1963இல் அமெரிக்காவின் சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் கார் ஆலை மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் ஓய்வூதியத்தைப் பெருமளவு இழந்தார்கள். அந்த அதிர்ச்சி 1974இல் எரிசா சட்டமாக விளைந்தது. நிதியைப் பொறுப்பேற்பவர் உறுப்பினர் நலனுக்காக மட்டுமே செயல்பட வேண்டும், தவறினால் தன் சொந்தச் சொத்திலிருந்து ஈடு தர வேண்டும் என்கிறது அது. அங்கே நூறு பேருக்குக் குறைவான திட்டங்களில், பிடித்த பணத்தை ஏழு வேலை நாளுக்குள் சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை. திட்டம் சிறியது என்பதால் அங்கே அவகாசம் நீளவில்லை. பிரிட்டனில் 1991இல் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்த பிறகுதான், மிரர் குழும ஓய்வூதிய நிதியிலிருந்து கோடிக்கணக்கான பவுண்டுகள் அவர் கம்பெனிகளுக்குப் போயிருந்தது வெளியானது. 1995இல் வந்த ஓய்வூதியச் சட்டம், அறங்காவலர்களில் ஒரு பகுதியினரை உறுப்பினர்களே முன்மொழிய வழி செய்தது.

அமெரிக்காவைப் போல இங்கும் சொந்தப் பொறுப்பு என்று சொன்னால் யார் டிரஸ்டியாக வருவார்கள் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பயிற்சியும், நிர்வாகத்தைச் சாராத முதலீட்டு ஆலோசகரும், எதிர்த்துக் கையெழுத்திட மறுத்தவருக்குப் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பும் கொடுத்துவிட்டுத்தான் பொறுப்பைக் கேட்க வேண்டும். நிர்வாகத் தரப்பு டிரஸ்டிக்கு அந்தத் தயக்கமும் தேவையில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. பி.எஃப். அலுவலகமே விண்ணப்பங்களைச் சின்னப் பிழைக்காகத் திருப்பி அனுப்புகிறது, அதை நம்பிக் கட்டுவதா என்ற குறையும் உண்டு. அந்த அலுவலகங்கள் திருந்த வேண்டும். ஆனால் அவற்றின் மெத்தனம் முதலாளியின் கடமையைத் தளர்த்தாது.

தமிழ்நாடு அரசு முதலில் தன் வீட்டிலிருந்து தொடங்கலாம். எட்டுப் போக்குவரத்துக் கழகங்களும் ஒவ்வொரு பணிமனை அறிவிப்புப் பலகையிலும், அந்த மாதம் எவ்வளவு பிடித்தோம், எந்தத் தேதியில் எங்கே கட்டினோம் என்று ஒட்ட வேண்டும். கட்டத் தவறிய மாதத்துக்கு மேலாண் இயக்குநர் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அது சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பழைய பாக்கி முழுவதற்கும், தாமதமான நாட்களுக்கான வட்டியுடன், ஒரு கால அட்டவணை அறிவிக்க வேண்டும். தன் ஊழியரிடம் நேர்மையாக இருக்கும் அரசுக்கே தியாகராய நகர்க் கடைக்காரரைக் கேள்வி கேட்கும் தகுதி உண்டு.

ஊழியராக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.எஃப். கணக்கோடு இணைத்த உங்கள் கைப்பேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குப் பிறகு பாருங்கள். இரண்டு மாதம் பணம் ஏறவில்லை என்றால் சம்பளச் சீட்டின் நகலுடன் பி.எஃப். அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். முடிந்தால் உடன் வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டு கொடுங்கள். ஓய்வு பெறும் வருடம்வரை அதைத் தள்ளிப்போடாதீர்கள்.